முதலாளியின் சீனி வருத்தம்

கல்முனைக்குடி,
10.09.2023

அன்புள்ள மகள் ஸில்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். இதைத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கோல் எடுத்தால் நீ அழுவாய், நான் ஏசுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். எழுத்தில் என்றால் இரண்டு பேரும் மரியாதையாக இருப்போம்.

போன கிளினிக்கில் டொக்டர் என் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "உம்மா, இனிக் குளிசை சரிவராது. இன்சுலின் தொடங்குவம்" என்றார். "தம்பி, கடையில வெட்டின துணி குவிஞ்சி கிடக்கு. எனக்கு மவுத்தாக நேரமில்ல" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். நீ சுவீடனில் இருந்து துள்ள வேண்டாம். உன் வாப்பாவுக்கு ஊசி தொடங்கிய ஏழாம் மாதம் அவர் மவுத்தாகி, மையித்தைத் தூக்கினோம். அந்தக் குப்பி இந்த வீட்டு வாசலுக்குள் வந்தால் அதற்குப் பின்னால் யார் வருவார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு விசயம். நம்முடைய பூனை முதலாளிக்குச் சுகமில்லை. கடைக் கதிரையை அடைத்துக்கொண்டு கிடந்தவர் இப்போது எலும்பும் தோலும். தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும் வாளித் தண்ணீரில் பாதியை அவர்தான் குடிக்கிறார். பின்னங்கால் குதியைத் தரையில் வைத்துக் கிழவனைப் போல நடக்கிறார். மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே புதிதாக வந்திருக்கும் டொக்டர் கிருஷாந்தினி, காரைதீவுப் பிள்ளை, காதில் குத்தி இரத்தம் பார்த்துவிட்டு, "அன்ரி, இதுக்குச் சீனி வருத்தம். ரெண்டு நேரமும் இன்சுலின் போடோணும்" என்கிறா. பூனைக்குமா சீனி வருத்தம்? நீ அதைத்தானே படிக்கிறாய். உண்மையா பொய்யா, எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. வஸ்ஸலாம்.

உன் உம்மா,
சல்மா


லுண்ட், சுவீடன்,
16.09.2023

அன்புள்ள உம்மாவுக்கு,

வஅலைக்கும் முஸ்ஸலாம். நான் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துத் துள்ளத்தான் செய்தேன். பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உண்மைதான். பூனைக்கும் வரும். பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்தோமே, இந்தியப் புத்தகங்களில் கணையம் என்பார்கள், அதிலிருந்துதான் இன்சுலின் சுரக்கிறது. அதோடு சேர்ந்து அமிலின் என்று ஒரு சின்னப் புரதமும் சுரக்கும். சீனி வருத்தம் வந்த மனிதர்களில் அந்த அமிலின், ஆறின கஞ்சி கட்டியாவது போல, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். திரண்டது இன்சுலின் சுரக்கும் கலங்களை, செல்கள் என்பார்களே, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். நான் படிப்பது அந்தத் திரளைத்தான்.

வேடிக்கை என்னவென்றால் எலியின் அமிலின் ஒட்டாது. ஆகவே எலியை வைத்து இதைப் படிக்க முடியாது. மனிதனின் மரபணுவை எலிக்குள் வைத்து, அதன் சதையியில் நம்முடைய அமிலினைச் சுரக்க வைத்தால்தான் திரளும். என்னிடம் இருப்பவை அப்படிப்பட்ட எலிகள். பூனைக்கு யாரும் ஒன்றும் வைக்கத் தேவையில்லை. அதன் அமிலின் நம்முடையதைப் போலத் தானாகவே திரளும். குரங்குக்கும் அப்படித்தான். இந்த வருத்தத்தைப் பொறுத்தமட்டில் என் எலிகளை விட முதலாளிதான் உங்களுக்கு நெருங்கிய சொந்தக்காரர்.

வாப்பாவைக் கொண்டுபோனது ஊசி இல்லை உம்மா. ஊசி பிந்தியதுதான். சிறுநீரகம் இரண்டும் போன பிறகுதான் அவர் சம்மதித்தார். உங்களுக்கு அப்படி நடக்க நான் விடமாட்டேன். முதலில் முதலாளிக்குப் போடுங்கள். அவருக்கு என்ன நடக்கிறது என்று உங்கள் கண்ணாலே பாருங்கள். பிறகு உங்கள் முடிவு. எனக்குப் பயமில்லை, நான் சொல்வது சரியென்று தெரியும்.

வஸ்ஸலாம்.

அன்பு மகள்,
ஸில்மியா


கல்முனைக்குடி,
25.10.2023

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் சொந்தக்காரரும் சுகம்.

ஊசி போடுவது நான்தான். முதல் நாள் கிருஷாந்தினி டொக்டர் காட்டித் தந்தா. கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்துக் குத்த வேண்டும். சாரிக்குப் பிளீட் பிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா? "அன்ரி, நீங்க என்னைவிட நல்லாப் போடுறீங்க" என்றா. கடையில் என்னோடு தைக்கும் றாபியா மட்டும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அரிசிச்சோறும் மாரி பிஸ்கட்டும் நிறுத்தியாகிவிட்டது. மீனும் கோழியும் மட்டும். வீட்டில் என்னை விட அவருக்குத்தான் ராச சாப்பாடு.

ஒரு மாதமாகிறது. முதலாளி மவுத்தாகவில்லை. அது மட்டுமில்லை, நேற்று மதில் மேல் ஏறிவிட்டார். குதியை ஊன்றி நடந்தவர்! நான் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் வாப்பாவும் இப்படி ஒரு நாள் எழும்பி நடந்திருப்பாரோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. றாபியா பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

வருகிற கிளினிக்கில் நானும் சரியென்று சொல்லப் போகிறேன். பூனையை விட நான் பயந்தவள் என்று ஊருக்குள் கதை வரக்கூடாது.

ஒன்று கேட்க வேண்டும். உன் எலிகளுக்கு எங்களுடைய வருத்தத்தை வரச் செய்கிறாயே, படிப்பு முடிந்த பிறகு அதுகளை என்ன செய்வீர்கள்?

வஸ்ஸலாம்.

உம்மா


லுண்ட்,
29.10.2023

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தை ஆய்வுகூடத்தில் வைத்து வாசித்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள், நான் அப்படிச் சிரித்துக்கொண்டு அழுதேன்.

கிருஷாந்தினி டொக்டருக்கு நன்றி சொல்லி ஈமெயில் அனுப்பினேன், உடனே பதில் போட்டா. உங்கள் குப்பியும் முதலாளியின் குப்பியும் வேறு வேறு, மாற்றிவிட வேண்டாம். ஊசி போட்டதும் சாப்பிட வேண்டும். கை நடுங்கினால், வேர்த்தால், உடனே சீனித் தண்ணீர். இங்கே ஐந்து மணிக்கே இருட்டுகிறது. ஒரு நாள் வீடியோவில் வாருங்கள், முகம் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.

ஸில்மியா


கல்முனைக்குடி,
14.01.2024

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழை நின்று இன்றைக்குத்தான் வெயில் கண்டோம். ரோட்டில் முழங்காலளவு வெள்ளம். கரண்ட் இல்லாத நாட்களில் பிரிட்ஜும் வெறும் அலுமாரிதானே, இரண்டு குப்பிகளையும் ஈரத்துணியில் சுற்றிப் புது மண்முட்டிக்குள் வைத்தேன். கிருஷாந்தினி டொக்டர் கேட்டுவிட்டு, "அன்ரி, நீங்க ஆருக்கும் குறைஞ்ச ஆளில்ல" என்றா. தெரிந்த விசயம்தான்.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு முதலில் அவருக்கு, பிறகு எனக்கு. பொழுதுபட்டு மஃரிபுக்கும் அப்படித்தான். அவர் முதலாளி அல்லவா, காக்க வைத்தால் கத்துவார். கிளினிக்கில் என் சீனி பாதியாக இறங்கிவிட்டது. டொக்டர் தம்பி என்னை மற்றவர்களுக்குக் காட்டி, "இந்த உம்மாவப் பாருங்க" என்றார். நான் ஒன்றும் தெரியாதவள் போல இருந்தேன்.

வீடியோவுக்கு என்ன அவசரம்? முகம் அதே முகம்தான். காலில் கொஞ்சம் விறைப்பு, மரத்துப்போன மாதிரி இருக்கிறது, மெசின் மிதிக்கிறவளுக்கு அது இல்லாமலா?

எலிகளைப் பற்றிக் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

வஸ்ஸலாம்.

உம்மா


கல்முனைக்குடி,
11.02.2024

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். பெரிய செய்தி, இருந்துகொண்டு வாசி.

முதலாளிக்கு ஊசி நின்றுவிட்டது! இரண்டு கிழமையாக அவருடைய சீனி இறங்கிக்கொண்டே வந்தது. டொக்டர் அளவைக் குறைத்தா, இன்னும் குறைத்தா, போன வியாழக்கிழமை, "இனி வேணாம் அன்ரி, சாப்பாட்ட மட்டும் கவனமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டா. நாலு நாளாக ஊசி இல்லை, சீனி அப்படியே நல்ல அளவில் நிற்கிறது. கதிரையில் மறுபடியும் இடமில்லை. துணி வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.

ஊசி தொடங்கினால் கபுறுக்குழி வரைக்கும் ஊசிதான் என்றல்லவா நான் இருந்தேன். இது எப்படி நடந்தது? பூனைக்கு விட்டுப்போனது மனிதருக்கும் விட்டுப்போகுமா? விளக்கமாக எழுது.

வஸ்ஸலாம்.

உம்மா


லுண்ட்,
13.02.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலாளியின் போட்டோவை ஆய்வுகூடத்துக் கதவில் ஒட்டிவிட்டேன். எங்கள் பேராசிரியர் எழும்பி நின்று கைதட்டினார்.

நடந்தது இதுதான். வெளியிலிருந்து இன்சுலின் போனதும் சதையிக்கு ஓய்வு கிடைத்தது. இராப்பகலாகச் சுரந்து களைத்துப்போன கலங்களில் உயிரோடு மிஞ்சியவை அந்த ஓய்வில் தெம்பாகி மறுபடி வேலைக்கு வந்துவிட்டன. நீங்கள் கேட்ட கேள்விதான் எங்கள் எல்லோருடைய கேள்வியும். பூனைக்கு நடப்பது மனிதருக்கும் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் இங்கே வேலை செய்கிறோம். என் எலிகளுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்க்கிறேன். அதைத் தின்ற எலிகளில் திரள் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது! உம்மா, நாங்கள் இதை வெல்லத்தான் போகிறோம்.

நோன்பு வருகிறது. எப்படி ஊசி போடுவது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வீடியோவில் எப்போது வருவீர்கள்?

வஸ்ஸலாம்.

ஸில்மியா


கல்முனைக்குடி,
20.03.2024

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமழான் முபாரக். நோன்பு ஒன்றும் விடவில்லை. பிந்தி எழுதுவதற்குக் கோபிக்காதே, பெருநாள் அபாயாக்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. நானும் றாபியாவும் இரவு தராவீஹ் தொழுகைக்குப் பிறகும் மெசினில்தான்.

நோன்பு எனக்குக் கஷ்டமில்லை. முதலாளிக்கும் எனக்கும் இப்போது வேளை பார்த்து ஓடும் கவலை இல்லை. தண்ணீர்த் தாகம் மட்டும் கொஞ்சம் கூட, வெயில் காலம்தானே.

ஒரு வேடிக்கை கேள். விடியுமுன் ஸஹர் சாப்பிட எழும்பினால் காலடித் தடத்தில் சிவப்பாக இருக்கிறது. பார்த்தால் குண்டூசி ஒன்று சின்ன விரலுக்கு அடியில் முழுசாக ஏறியிருக்கிறது, எப்போது ஏறியதோ! கொஞ்சங்கூட நோகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இழுத்தெடுத்து மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். வீடியோவைப் பெருநாளைக்குப் பார்ப்போம்.

வஸ்ஸலாம்.

உம்மா


லுண்ட்,
20.03.2024

உம்மா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க நேரமில்லை. குண்டூசி ஏறி நோகவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. காலின் நரம்பு செத்துப்போகிறது என்று அர்த்தம். மஞ்சளை அவிழ்த்துவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேளை பார்க்கும் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்சுலின் போடுகிறீர்களா இல்லையா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதுங்கள். கோல் எடுத்தேன், "தையல்ல இரிக்கன் மகள்" என்று வைத்துவிட்டீர்கள்.

ஸில்மியா


காரைதீவு,
02.04.2024

அன்புள்ள ஸில்மியாவுக்கு,

வணக்கம். உங்கள் அம்மாவின் பூனையைப் பார்க்கும் கிருஷாந்தினி எழுதுகிறேன். உங்களுக்கு எழுதக்கூடாது, பெருநாளைக்குப் பிறகு தானே எழுதுவதாகச் சொல்லி, அன்ரி என்னிடம் சத்தியம் கேட்டா. நான் கொடுக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அன்ரி பிழைத்துவிட்டா. காலும் தப்பிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை முதலாளியைக் காட்ட வந்தா. நடை சரியில்லை. கிட்ட வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் மிருக வைத்தியர், மனிதருக்கு மருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அழுகின புண்ணின் மணம் எனக்குத் தெரியும். "அன்ரி, கால அவிழுங்க" என்றேன். "இது பூனைக்குக் காட்ட வந்த இடம் புள்ள" என்று ஏசினா. பூனையை றாபியாவிடம் கொடுத்துவிட்டு, அன்ரியை என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சீனி மீட்டரில் வாசிக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. மறுநாள் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. நேர்ஸ்மாரோடு சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டா.

இன்சுலினைப் பெப்ரவரி நடுவிலேயே நிறுத்தியிருக்கிறா. ஏன் என்று கேட்டேன். போனைத் திறந்து உங்கள் கடிதத்தைக் காட்டினா. "என்ட மகள் எழுதியிரிக்கா. முதலாளி எனக்குச் சொந்தக்காரனாம். பூனைக்கு நடக்கிறது மனிசருக்கும் நடக்குமாம். அவனுக்கு விட்டுது, எனக்கும் விட்டிரும் எண்டுதான் நிப்பாட்டினன்" என்றா. அதற்குக் கீழே இருந்த உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்றும் கேட்டேன். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, முதலாளி சாப்பிட்டாரா என்று கேட்டா.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பூனைக்கு ஊசி போதும் என்று சொன்ன அன்று, உங்களுக்கு இது பொருந்தாது அன்ரி என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்புடன்,
கிருஷாந்தினி


லுண்ட்,
12.04.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளன்று போனில் நான் அழுதேன், நீங்கள் ஏசினீர்கள், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விட்டது. நீங்கள் சொன்னது சரிதான், எழுத்துத்தான் நமக்குத் தோது.

பூனை நம்மைப் போல என்று எழுதினேன். எங்கே நம்மைப் போல இல்லை என்பதை எழுதவில்லை. முதலாளியின் வருத்தத்தை வந்த கையோடு பிடித்தோம். அவருக்குக் கலங்கள் மிச்சமிருந்தன. உங்களுடைய வருத்தத்துக்குப் பதினாலு வயது. உங்கள் சதையியில் ஓய்வெடுத்து எழும்பப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை உம்மா. இது எனக்கு அன்றைக்கும் தெரியும். நீங்கள் கேட்டபோது சொல்லாமல் விட்டேன். உங்களுக்கும் விட்டுப்போக வேண்டும் என்ற ஆசையில் எழுதியது அந்தக் கடிதம்.

இன்னும் இருக்கிறது. மருந்து தின்ற எலிகளில் திரள் குறைந்தது என்றேன். சீனி குறையவில்லை. அதை எழுதவில்லை. எலிகளை என்ன செய்வீர்கள் என்று இரண்டு தரம் கேட்டீர்கள். கொன்றுவிடுவோம் உம்மா. நோகாமல் மயக்கி, நானே செய்வேன். சதையியை எடுத்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் திரள் தெரியும். முதல் தரம் செய்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. உங்களிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

டிக்கெட் பார்த்துவிட்டேன். படிப்பை விட்டுவிட்டு வருகிறேன். உங்களுக்கு நானே ஊசி போடுவேன்.

வஸ்ஸலாம்.

ஸில்மியா


கல்முனைக்குடி,
02.06.2024

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறிவிட்டது. டிக்கெட்டை நிறுத்தி வை என்று போனில் சொன்னேன். ஏன் என்று இப்போது எழுதுகிறேன், வாசி.

எடுத்த இரண்டு விரல்களையும் றாபியாவின் புருசன் அஸ்ஹர் பெட்டியில் வாங்கிக்கொண்டுபோய், மையவாடியில் உன் வாப்பாவின் கபுறுக்குப் பக்கத்தில் அடக்கினார். "என்ன சொல்லி அடக்கிற மாமி?" என்று கேட்டார். "இப்போதைக்கு இவ்வளவுதான், மிச்சத்துக்கு அவசரப்பட வேணாம் எண்டு அவருக்குச் சொல்லுங்க" என்றேன். பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனார்.

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை தெரியுமா? ஓம் என்றால் பொய். இல்லை என்றால் நீ படிப்பை எறிந்துவிட்டு விமானம் ஏறுவாய். அதனால் நீ கோல் எடுத்தபோதெல்லாம் தையல் என்று வைத்துவிட்டு, வாயைப் பொத்தினேன். நீ எலியை மறைத்தாய், நான் காலை மறைத்தேன். தாயும் பிள்ளையும் ஒரே துணியில் வெட்டியதுதான். இனி அந்த வேலை வேண்டாம், இரண்டு பேருக்கும்.

அந்த எலிகளை நினைத்துக் கவலைப்பட்டேன். பிறகு நினைத்தேன், அதுகள் உயிரைக் கொடுத்துக் காட்டியதில் பாதியை நீ என்னிடம் சொன்னாய், அந்தப் பாதிக்கே என் சீனி இறங்கியது. மீதிப் பாதியைச் சொல்லாததற்கு இரண்டு விரல் போனது. ஆகவே நீ அங்கேயே இருந்து முழுசாகப் படி. திரள் குறைந்தும் சீனி ஏன் குறையவில்லை என்று கண்டுபிடி. அது தெரியாமல் நீ வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன பலன்? ஊசி போட எனக்குக் கை இருக்கிறது.

முதலாளியின் செய்தி. போன கிழமை மறுபடியும் வாளித் தண்ணீரில் வாய் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. கிருஷாந்தினி டொக்டரிடம் கொண்டுபோனேன். சீனி திரும்ப ஏறிவிட்டது. சில பூனைகளுக்கு இப்படி வருமாம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் றாபியா பாவம் பார்த்து மாரி பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறாள். மறுபடியும் ஊசிதான். டொக்டர் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினா. "என்னத்துக்குப் புள்ள யோசிக்காய்? என்ட மகள் சொன்ன சொந்தம் இப்பதான் சரியாப் பொருந்துது" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

சுபஹுத் தொழுததும் இரண்டு குப்பிகளையும் எடுக்கிறேன். ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன். இப்போது முதலில் எனக்கு, பிறகுதான் அவருக்கு. காலடியில் நின்று கத்துகிறார். கத்தட்டும்.

நாளைக்கு இங்கே பின்னேரம் அஸர் தொழுத பிறகு வீடியோவில் வா. காலைக் காட்டுகிறேன். மிச்சம் எட்டு விரலையும் நீயே எண்ணிப் பார்.

வஸ்ஸலாம்.

உன் உம்மா,
சல்மா